இடது கை, மூன்றாம் பொத்தான்

சாம்பல் நிறக் கோட்டு, ஒன்றுதான்.
ஆளுக்கு நானூற்றைம்பது போட்டு
சிவாஜி நகரில் நானும் பெலிக்ஸும் வாங்கியது.
அவனுக்குத் தோளில் பிடிக்கும்.
எனக்குக் கை இரண்டும் விரல்வரை இறங்கும்.
யாருக்கும் பொருந்தாததால் பொதுவாகி
மடிவாளா அறையின் ஒற்றைக் கொடியில்
பாலிதீன் உறைக்குள் தொங்கியது.

எண்பத்து மூன்று விண்ணப்பங்கள் என்னுடையவை.
அவன் எண்ணுவதை மார்ச்சோடு விட்டுவிட்டான்.
எல்லாப் படிவங்களும் குடும்பப் பெயர் கேட்டன,
சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்டன.
'சொ.' என்றால் ஏற்கவில்லை,
குறைந்தது மூன்றெழுத்து வேண்டுமாம்.
அப்பாவை முழுசாக எழுதினேன்.
அதன்பிறகு
எனக்கு வந்த மறுப்புகள் எல்லாம்
'அன்புள்ள சொக்கலிங்கம்' என்றே தொடங்கின.
ஆவடியில் லேத் பட்டறையில் நிற்கும் மனிதர்,
யாரிடமும் எதற்கும் விண்ணப்பிக்காதவர்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
பெல்லந்தூர், நான்காம் மாடி,
ஒரே கம்பெனி, ஒரே ஒரு காலியிடம்.
அவனுக்குப் பதினொன்று, எனக்குப் பன்னிரண்டு.
ஐந்நூறு டி பேருந்தில்
இருவர் மடியிலும் பாதிப்பாதி கிடந்தது கோட்டு.
சில்க் போர்டில் முப்பத்தைந்து நிமிடம் நின்றோம்.
நான் டேட்டாபேஸ் ஜாயின்களை முணுமுணுத்தேன்,
அவன் அதையே முணுமுணுத்தான்,
ஒருவர் தவறை ஒருவர் திருத்தவில்லை.

கழிவறையில் கைமாறியது.
உள்ளே இன்னும் அவன் சூடு.
அக்குளில் ஈரம்.
"என்ன கேட்டாங்க?"
குழாயைத் திறந்து முகம் கழுவினான்,
வெகுநேரம் கழுவினான்.
"ஏசி முதுகுல அடிக்குது," என்றான்,
"கழட்டிடாத."

உள்ளே மூன்று பேர்.
மூவரும் டி-ஷர்ட்.
ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு
நாற்காலியிலேயே சம்மணமிட்டிருந்தார்.
"சொக்கலிங்கம்?" என்றார்கள்.
ஆமாம் என்று அப்பா உட்கார்ந்தார்.

நடுவிலிருந்த பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை,
இடது கையைப் பார்த்தாள்.
இரண்டு பொத்தான் சாம்பல், மூன்றாவது பழுப்பு.
போன மாதம் நான்தான் தைத்தேன், நீல நூலில்.
ஒரு மணிநேரம் முன்பு
இதே மேசைமேல் இதே பொத்தான் இருந்திருக்கும்.
தாளைப் புரட்டி முந்தைய தாளுக்குப் போனாள்,
திரும்பி வந்தாள்.
உதட்டோரம் ஏதோ இருந்தது. சிரிப்பா,
சந்தேகமா, பல்லிடுக்கில் சிக்கிய சோம்பா.

"ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?"
கண்ணாடி முன்னால் நாற்பது முறை சொன்ன பதில்.
சொல்லச் சொல்லக் கை தானாக
மேசைக்கு அடியில் போயிற்று,
வெளியே வரவேயில்லை.
கைகுலுக்க வலது போதும் என்பதால் பிழைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து
பெலிக்ஸுக்கு வந்தது.
எனக்கும் வந்தது, அப்பா பெயரில்,
எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லி.
அன்றிரவு பிரியாணி வாங்கினான்,
முட்டை இரண்டையும் என் பக்கம் தள்ளினான்.
என்ன கேட்டார்கள் என்று அப்போது சொன்னான்,
ஒன்று விடாமல், விடைகளோடு.
எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான்.

டி-ஷர்ட்டில் ஆபீஸ் போகிறான் இப்போது.
கோட்டை நீயே வெச்சுக்கோ என்றான்.
அவன் பங்கு நானூற்றைம்பதை நீட்டினேன்,
வாங்கவில்லை.

முனைத் தையல் கடையில்
கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.
"எஷ்டு கம்மி மாடபேக்கு?" என்கிறார்.
சுண்ணக்கட்டி மணிக்கட்டருகே காத்திருக்கிறது.
வெள்ளிக்கிழமை ஒயிட்ஃபீல்டில் ஒன்று இருக்கிறது.
ஒன்றரை அங்குலம், என்கிறேன்.
வெட்டிடாதீங்க,
உள்ள மடிச்சுத் தையுங்க.